ஆச்சியின் முதலாண்டு நினைவு மலரில் எதை எழுதுவது?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்றவர், சென்ற புரட்டாசியில் காலமானார். முதலாண்டுத் திதிக்கு வருகிற உறவினர்களிடம் கொடுப்பதற்காகச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிட முடிவு செய்திருக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெரியப்பா மகன் ஒரு வரைவை அனுப்பியிருக்கிறார். கணவரே கண்கண்ட தெய்வம் என வாழ்ந்து, நான்கு மக்களைப் பெற்று வளர்த்து ஆளாக்கி, பேரன் பேத்தி கொள்ளுப்பேரன்களைக் கண்டு, நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார் என்று அது போகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் வரை எந்த வீட்டு மூதாட்டிக்கும் இதை அப்படியே அச்சிட்டுவிடலாம் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். ஆச்சி விளாத்திகுளத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, எட்டயபுரத்துக்கு வடக்கே வாழ்க்கைப்பட்டவர். வானம் பார்த்த கரிசல் நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைப்பார்கள். கம்பும் சோளமும் வீட்டுப் பானைக்கு, பருத்தியும் மிளகாயும் கடன்காரருக்கு. ஏர் பிடித்தவர் தாத்தா. விதையைத் தெரிந்தெடுத்துச் சாம்பல் கலந்து குலுக்கையில், அதாவது மண்ணால் செய்த குதிரில், போட்டு வைப்பது, களையெடுப்பது, மாசி பங்குனி வெயிலில் பருத்தி எடுப்பது, எருமைகளைப் பார்ப்பது, பால் ஊற்றி வந்த காசில் செலவுக் கணக்கை ஓட்டுவது எல்லாம் ஆச்சியின் பொறுப்பு. மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கி வருவார். 144 பெட்டி கொண்ட குரோஸ் கணக்கில் கூலி. தாத்தா பக்கவாதத்தில் விழுந்த பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் அவரைக் கட்டிலிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இவற்றை ஒரு நினைவு மலரில் எழுதுவது முறைதானா, எழுதினால் எந்த அளவுக்கு எழுதுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. ஆதார் அட்டையில் சனவரி 1 என்று இருக்கிறது. அது தேதி தெரியாத பலருக்கும் இடப்பட்ட தேதி.

வைப்பாறு எழுதியது:

கரிசல்மண் அவர்களுக்கு என் ஆழ்ந்த இரங்கல். முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆச்சி தான் பிறந்த தமிழ் வருடத்தின் பெயரை எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று மூத்த உறவினர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா தாது வருடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பஞ்சத்துக்குப் பேர்போன தாது 1876இல் வந்தது. அறுபதாண்டுச் சுற்றில் அடுத்த தாது 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவருடைய வயதை நாங்கள் உறுதி செய்தோம். அது கிடைக்காவிட்டால் மூத்த பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் போகலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது எந்தப் பிள்ளை கைக்குழந்தை, எட்டயபுரத்தில் காமராசர் 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அவருக்குக் கலியாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் பல கிழவிகள் கணக்காகப் பதில் சொல்வார்கள். நாட்காட்டியைச் சொல்லிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

ஆவணத்தில் ஆச்சிகள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி. 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் சொந்தப் பெயரைத் தராமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் சொன்னதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது இது. நம் பக்கம் பெயரைச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே வாழ்க்கை எதுவும் பதிவாகவில்லை.

விதையைப் பற்றி நீங்கள் எழுதியது முக்கியமானது. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. அவர்கள் வெளியிட்ட பருத்தி ரகங்களுக்கெல்லாம் எண்ணும் ஆண்டும் உண்டு. அதே காலத்தில் கருங்கண்ணிப் பருத்தியிலும் நாட்டுக் கம்பிலும் அடுத்த ஆண்டுக்கு எந்தக் கதிர், எந்தச் செடி என்று தீர்மானித்து எடுத்து வைத்த பெண்களுக்குக் குறிப்பேடு கிடையாது. ஆகவே ஆச்சி எந்தெந்த விதைகளை வைத்திருந்தார், அவற்றை எந்த ஆண்டோடு விட்டார், ஏன் விட்டார் என்று விசாரித்து எழுதுங்கள். எங்கள் ஊரில் பொட்டலத்தில் வாங்கும் விதை வந்ததும் குலுக்கையை இடித்து மண்ணை வாசலில் கொட்டினார்கள். அது எந்த ஆண்டு என்று இன்று யாருக்கும் நினைவில்லை.

நொய்யல் எழுதியது:

வணக்கம். நான் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்; தவறாக எண்ண வேண்டாம். மலரில் உங்கள் ஆச்சியை விவசாயி என்றே எழுதுங்கள். கண்கண்ட தெய்வம் போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் வீட்டு வாசலில் நின்று, அம்மா வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டால், காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய எங்கள் அப்பத்தாவே சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்வார். வீட்டு ஆண்களும் அதையே சொல்வார்கள். 1991 கணக்கெடுப்பில்தான் கூலியில்லாமல் சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்த வேலையும் வேலைதான் என்பதைக் கேள்வியிலேயே சேர்த்துக் கேட்டார்கள். அதற்குள் உங்கள் ஆச்சிக்கு ஐம்பது வயது நெருங்கியிருக்கும். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. எரிவாயு அடுப்பும் குழாய்த் தண்ணீரும் வந்த பிறகும் கணக்கு இது. உரலும் திருகையும் ஊர்க் கிணறும் இருந்த காலத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற மூதாட்டி இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நூறு வயதைக் கடந்து 2024 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய மறைவுச் செய்தியில் நாளிதழ்கள் இயற்கை விவசாயி என்று எழுதின. விருது வராமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே வேலையை அதே வெயிலில் செய்த மற்றவர்களுக்கு அந்தப் பெயரைத் தருவதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை.

தாமிரபரணி எழுதியது:

நொய்யல் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அறுபது வயதாகிறது. நான் ஒரு மருமகளாகவும் மாமியாராகவும் இருந்தவள். என் தாயாரைப் பற்றி எழுதி, அதில் என் தந்தையாரை ஓரத்தில் தள்ளியிருந்தால், அந்தத் தாளை அவர் அடுப்பில் போட்டிருப்பார். தம் வாழ்க்கையின் நடுவே அவர் எதை வைத்தாரோ அதை நாம் நம் காலத்துக் கொள்கைக்காக இடம் மாற்றி வைப்பது மரியாதையாகாது.

அதே வேளையில், தம்பி, அந்தக் கண்கண்ட தெய்வம் என்ற சொற்றொடர் எதையும் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். பக்கவாதத்தில் படுத்த ஓர் ஆளைப் பத்தாண்டுகள் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்பது செய்தவர்களுக்கே தெரியும். முதுகில் புண் வராமல் இரவில் பலமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரையேறாத பதத்தில் கஞ்சி காய்ச்சி, தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். துணிகளை விடியுமுன் அலசிப் போட வேண்டும், ஊரார் கண்ணில் பட்டால் அவருக்கு மானக்கேடு என்று அவரே அழுவார். கோபத்தில் தட்டைத் தள்ளிவிடும் மனிதரிடம் மறுபடி போய் உட்கார வேண்டும். இவற்றில் உங்கள் ஆச்சி எதை எப்படிச் செய்தார், வீட்டை விட்டு எத்தனை நல்லது கெட்டதுகளுக்குப் போகாமல் இருந்தார், யார் உதவிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுங்கள். எழுதினால் தெய்வம் என்ற சொல்லைப் போட வேண்டிய தேவையே இருக்காது. கணவரும் தம் இடத்தில் இருப்பார்.

வலிகாமம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தியைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எங்களிடம் முப்பத்தோராம் நாள் கிரியையில் நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் மிகவும் பழையது. கல்வெட்டு என்றும் சொல்வோம். தேவார திருவாசகங்கள், வெண்பாவிலோ விருத்தத்திலோ ஒரு புலம்பல், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நூலகம் என்ற இணைய ஆவணகத்தில் இத்தகைய மலர்கள் பல எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் காணி உறுதிகளையும் படங்களையும் இழந்தன. பின்னாளில் உறவு முறையை மீட்டெடுக்க, வேறொரு வீட்டுக்குக் கொடுத்திருந்த பழைய கல்வெட்டே சிலருக்குக் கைகொடுத்தது. ஆகவே சிறு வெளியீடு என்று எண்ணாமல் கவனமாகச் செய்யுங்கள்.

அந்த மரபின் குறையையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான மலரை விரித்தால் முதல் பத்தியில் தந்தையின் பெருமை, இரண்டாவதில் கணவர் வகித்த பதவி, மூன்றாவதில் மக்களின் பட்டங்களும் அவர்கள் வாழும் நாடுகளும் இருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். என் அப்பம்மாவின் மலரும் அப்படித்தான் அச்சாகியது. புகையிலைத் தோட்டத்துக்கு விடியற்காலையில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறியவர் அவர். பனம்பழம் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டாக்கி மழைக்காலத்துக்கு அடுக்கி வைத்தவர். ஒரு வரி இல்லை.

எங்கள் குடும்பத்தில் அடுத்த மலரில் வம்சாவளியைத் தாய்வழியாகவும் வரைந்தோம். ஆண்வழி மட்டும் எழுதும்போது ஒரு பெண்ணோடு ஒரு கிளை முடிந்துவிடுகிறது. உங்கள் ஆச்சியின் உடன்பிறந்த பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பாடிய தாலாட்டோ ஒப்பாரியோ யாருக்காவது நினைவிருந்தால் சொல் மாற்றாமல் எழுதி வாங்குங்கள்.

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உங்கள் கேள்விகளை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். ஒரு மாலை முழுவதும் பேசினார். நான் அறியாத செய்திகள் பல வந்தன.

ஆச்சியின் காதில் பாம்படம் இருந்ததைப் பழைய படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் காதைத் தைத்துத் தோடு போட்டிருந்தார். நாகரிகத்துக்காக மாற்றிக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன். அத்தையை ஆசிரியர் பயிற்சியில் சேர்ப்பதற்காக விற்றிருக்கிறார். பெண்ணைப் படிக்க வைத்து என்ன செய்ய என்று தாத்தா தயங்கியதாகவும், ஆச்சி எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல் கோவில்பட்டிக்குப் போய் நகையைக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வந்து அவர் முன்னால் வைத்ததாகவும் அத்தை சொன்னார். தாத்தா அன்று இரவு சாப்பிடவில்லையாம். மறுநாள் அவரே அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொன்று. நான்கு மக்கள் என்று வரைவில் இருக்கிறதல்லவா, ஆச்சி பெற்றது ஆறு. ஒரு பெண் குழந்தை பிறந்த சில நாட்களில் போய்விட்டது. ஒரு பையன் நடக்கத் தொடங்கிய பருவத்தில் வயிற்றுப்போக்கில் இறந்தான். மங்கலமான மலரில் இதை எழுதலாமா என்று பெரியப்பா மகன் கேட்கிறார். நிலம் முழுவதும் தாத்தா பெயரிலேயே இருந்து, பிறகு பாகமாகியிருக்கிறது. ஆச்சி பெயரில் ஒரு சென்ட் கூட இல்லை. இதையும் எழுதுவதா?

மேகமலை எழுதியது:

குழந்தைகளை எழுதுங்கள். 1971இல் கூட இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. கிராமங்களில் இன்னும் அதிகம். அந்தத் தலைமுறைத் தாய்மார்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் பெற்றது இத்தனை, நின்றது இத்தனை என்று இரண்டு எண்ணிக்கை சொல்வார்கள். ஆச்சி எண்ணிய முறையில் நீங்களும் எண்ணலாம்.

நொய்யல் எழுதியது:

நிலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்டு அவரைச் சம்பாதிக்க விட்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 சூனில் தீர்ப்பளித்தது. உங்கள் ஆச்சிக்கு அது காலங்கடந்த செய்தி. வழக்குப் பேசுவதற்காகவும் சொல்லவில்லை. பாம்படம் விற்ற பணம் ஓர் ஆசிரியையின் ஊதியமாகக் குடும்பத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. பால் காசும் பெட்டி ஒட்டிய கூலியும் எங்கெங்கே போயின என்று அத்தையிடம் கேட்டால், பாகப் பத்திரத்தில் இல்லாத ஒரு கணக்கு கிடைக்கும். தாமிரபரணி அம்மாவின் பதிலைப் படித்த பிறகு, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்ற என் ஆலோசனையை நான் வலியுறுத்தவில்லை. விவசாயி என்று எழுதச் சொன்னதை வலியுறுத்துகிறேன்.

தேரிக்காடு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். யாரும் தொடாத ஒரு பக்கம் இருப்பதால் எழுதுகிறேன். என் அம்மாச்சியையும் ஊரே பதிவிரதை என்றுதான் சொல்லும். பதின்மூன்று வயதில், யாரைக் கட்டப்போகிறோம் என்று தெரியாமல் மணையில் உட்கார்ந்தவர். தாத்தாவின் குடியையும் கைநீட்டலையும் பொறுத்துக்கொண்டார். போக வேறிடம் இல்லை என்பதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பொறுமையின் சிகரம் என்று அவருடைய நினைவு அட்டையில் அச்சிட்டபோது எனக்குக் கோபம் வந்தது. கரிசல்மண் வீட்டுக் கதை அப்படி இல்லை என்று தெரிகிறது. அத்தை சொன்ன நகைக் கதையில் இருவருமே நன்றாக இருக்கிறார்கள். என்றாலும் மனமுவந்து, மலர்ந்த முகத்தோடு, குறையொன்றும் சொல்லாமல் போன்ற சொற்களைப் போடுவதற்கு முன்னால், அவர் குறை சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பேத்திகளிடம் தனியாகக் கேளுங்கள். பேரன்களிடம் சொல்லாததைப் பேத்திகளிடம் சொல்லியிருப்பார். சபையில் கொடுக்கும் மலரில் அச்சிட முடியாதவை இருந்தால் ஒரு நோட்டில் எழுதி அத்தை வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

தேரிக்காடு அவர்கள் சொன்னபடி சித்தப்பா மகளிடம் கேட்டேன். ஆச்சிக்கு ஒரு குறை இருந்திருக்கிறது. தன் தாய் இறந்தபோது தாத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரு பகல் மட்டுமே போய் இருந்துவிட்டு வந்ததை, யாரும் ஒரு ராத்திரி வந்து இருக்கிறேன் என்று சொல்லவில்லையே எனப் பல ஆண்டுகள் கழித்தும் சொல்லியிருக்கிறார். அப்போது அதே ஊரில் இருந்தவர்கள் பலர் மலரை வாங்கப்போகிறவர்கள். அத்தை அனுமதித்துவிட்டார், பெயர் எதுவும் இல்லாமல் சேர்த்திருக்கிறேன். நடுப்பகுதி இது. பார்த்துச் சொல்லுங்கள்:

"விளாத்திகுளம் வட்டத்தில் தாரண வருடத்தில் பிறந்த எங்கள் ஆச்சி, பள்ளிக்குப் போகாதவர், வட்டிக் கணக்கை விரல் மடக்கிச் சொல்வார். கரிசலில் அறுபது ஆண்டு விவசாயம் செய்தார். கம்பு, சோளம், குதிரைவாலி, கருங்கண்ணிப் பருத்தி ஆகியவற்றின் விதைகளைத் தாமே எடுத்து வைத்தார். கேட்டு வந்தவர்களுக்குப் படியளந்து கொடுத்து, மறு ஆண்டு அதே அளவு திருப்பி வாங்கினார். பெற்ற பிள்ளைகள் ஆறு பேரில் நால்வரை வளர்த்தார். பெரிய மகளின் படிப்புக்காகப் பாம்படத்தை விற்றார். எருமைப் பாலிலும் தீப்பெட்டி ஒட்டிய கூலியிலும் இரண்டாவது மகனின் தொழிற்பயிற்சிக்கும் வீட்டுக் காரைக் கூரைக்கும் பணம் சேர்த்தார். கணவர் பக்கவாதத்தில் படுத்தபோது பத்தாண்டுகளுக்கு மேல் இரவும் பகலும் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். முதுகில் ஒரு புண் கூட வரவிடவில்லை என்று ஊர் மருத்துவர் சொன்னதைப் பெருமையாகச் சொல்வார். அக்காலத்தில் தம் தாயின் சாவுக்குக் கூட ஒரு பகல்தான் போக முடிந்தது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது."

வைப்பாறு எழுதியது:

மிகவும் நன்றாக வந்திருக்கிறது. தாரண வருடம் என்றால் 1944 சித்திரை முதல் 1945 பங்குனி வரை. அடைப்புக்குறிக்குள் அந்த ஆண்டையும் போட்டுவிடுங்கள், இளையவர்களுக்குத் தெரியாது. படியளந்து கொடுத்து மறு ஆண்டு திருப்பி வாங்கியது உங்கள் முதல் பதிவில் இல்லை. யாரிடம் கேட்டீர்களோ அவரிடம் இன்னும் கேளுங்கள். விதை வாங்கிப் போனவர்கள் வீடுகளில் எதிலாவது அந்தக் குதிரைவாலி இன்னும் இருக்கலாம்.

தாமிரபரணி எழுதியது:

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. தாத்தா போன பிறகு ஆச்சி சென்ற புரட்டாசி வரை இருந்திருக்கிறார். கடைசி ஆண்டுகளில் அவரைக் குளிப்பாட்டியது யார், மாத்திரை கொடுத்தது யார், இரவில் பக்கத்தில் படுத்தது யார்? நான்கு மக்களும் பேரப்பிள்ளைகளும் மலரில் வந்துவிட்டார்கள். மருமகள்கள் ஒருவரும் வரவில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் சித்தியிடமும் ஒருமுறை கேட்டு அந்தப் பகுதியைச் சேர்த்துவிடுங்கள். ஒரு பக்கம் கூடினால் அச்சகத்தில் நான்கு பக்கமாகத்தான் கூட்டுவார்கள். மீதியில் வலிகாமத்துக்காரர் சொன்ன தாய்வழி வம்சாவளியைப் போட்டுக்கொள்ளலாம்.